ஏழு பேர் ஆட்டமும் ஒரு கையெழுத்தும்

"ஃபிஜித் தீவுக்குப் போய் வந்தீர்களாமே! என்ன பார்த்தீர்கள்? கடலா, பவழப்பாறையா?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் பாக்கியில்லை. "ரக்பி பார்த்தேன்" என்று நான் சொன்னதும் கேட்டவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ரக்பியா? அந்த முட்டை மாதிரி பந்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்களே, அதுவா? அதில் உங்களுக்கு என்ன வேலை?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் வளையப் பந்துகூட ஒழுங்காக ஆடாதவள் நான். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் தங்கைக்கு அங்கே தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு நாண்டி என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் பிரயாணம் முடியாது. "நீதான் போய் வரணும்டி" என்று சொல்லிவிட்டாள். பெண்ணையும் பிள்ளையையும் என் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு, சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியச் சாமான் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு 2024 ஜூன் முதல் வாரம் கிளம்பினேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர். அங்கிருந்து பசிபிக் சமுத்திரத்தின் மேலே சுமார் பத்து மணி நேரம். நம் ஊர் நேரத்துக்கு ஆறரை மணி முன்னால் ஓடும் கடிகாரம் அங்கே.

விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் எழுதிக் காட்ட வேண்டும். ஒரு பெண் அதிகாரி என் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலமாக மோந்து பார்த்தார். "பேபி" என்று சொல்லி வயிற்றைக் காட்டி, "சிஸ்டர்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது. "பூலா!" என்று சொல்லி அனுப்பினார். அதுதான் அந்த ஊர் வணக்கம்.

அடுத்த வீட்டுப் பாட்டி

கரும்புக் காடு, தென்னை, முருங்கை, கறிவேப்பிலை. வாசலில் நின்று பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். காரணம் இருக்கிறது. 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து அறுபதாயிரம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1903லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நம் தென்னிந்தியர்களும் கப்பலேறினார்கள். நாண்டி கடைத்தெருக் கோடியில் சிவ சுப்ரமணிய ஸ்வாமி கோவில், கோபுரமும் வர்ணமுமாக நம் ஊர்க் கோவில் மாதிரியே நிற்கிறது. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த நம்மவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. ஃபிஜி இந்தி என்று ஒரு தனி இந்திதான் எல்லோர் வாயிலும்.

அடுத்த வீட்டில் இருந்தவர் ஃபிஜியின் பூர்வீகக் குடியைச் சேர்ந்த பாட்டி. அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், ஆகிருதி, பஞ்சு மாதிரி சுருட்டை முடி. தங்கை அவரை "பூம்பூ" என்று கூப்பிட்டாள். பாட்டி என்று அர்த்தமாம். என் வயசுக்கு நானும் பூம்பூ என்றே கூப்பிட்டேன். இந்தியர்கள் நடுவிலேயே வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு ஃபிஜி இந்தி அத்துபடி. எனக்குப் பள்ளிக்கூட நாளில் ப்ராத்மிக் பாஸ் செய்த இந்தி. அதோடு கொஞ்சம் இங்கிலீஷ், நிறைய கை ஜாடை. மூன்று மாதமும் இதிலேயே வண்டி ஓடிவிட்டது.

ஜூன் நடுவில் தங்கைக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. நாலாம் நாள் பூம்பூ தன் வீட்டுப் பெண்களோடு, தாழை ஓலையில் பின்னிய பாயும் துணியும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திப் பார்க்க வருவது அவர்கள் முறை. 'ரொங்கோரொங்கோ' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. குழந்தையை வாங்கி, காலைப் பிடித்துப் பார்த்து, கையைப் பிடித்துப் பார்த்து, "செவன்ஸ்!" என்றார். எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை சிரித்தார். "ஒண்ணுமில்லேக்கா. பையன் ரக்பி செவன்ஸ் ஆடுவான்னு ஆசீர்வாதம் பண்றாங்க" என்றார்.

அங்கே ஆண் குழந்தைக்குத் தீர்க்காயுசு மாதிரி அது ஒரு ஆசீர்வாதம்!

சாதம் வேகும் நேரத்தில் ஒரு ஆட்டம்

எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். பெரிய ரக்பியில் பக்கத்துக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிஷம். 'செவன்ஸ்' என்பதில் அதே பெரிய மைதானத்தில் பக்கத்துக்கு ஏழு பேர்தான். ஏழு நிமிஷம் ஆட்டம், இரண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி ஏழு நிமிஷம். அடுப்பில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் சாதம் வடிப்பதற்குள் ஜெயித்தது யார் என்று தெரிந்துவிடும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. அதற்கப்புறம் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. ஒரே ஒரு கஷ்டம். பந்தை முன்னால் இருக்கிறவருக்கு எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் தர வேண்டும். தான் முன்னேறிக்கொண்டே, பின்னால் வருகிறவரை நம்பிக் கொடுக்க வேண்டும். நம் கூட்டுக் குடும்பம் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

1883ல் ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்கிற ஊரில், கிளப்புக்குப் பணம் சேர்ப்பதற்காக நெட் ஹெய்க் என்கிற கசாப்புக் கடைக்காரர் கொடுத்த யோசனையாம் இந்த ஏழு பேர் ஆட்டம். அங்கே பிறந்தது ஃபிஜியில் போய் வளர்ந்துவிட்டது. ஒன்பது லட்சம் ஜனத்தொகைதான் அந்த நாட்டில். நம் ஊரில் ஒரு பெரிய நகரம் அளவுகூட இல்லை. ஆனால் 1997, 2005, 2022 என்று மூன்று தடவை செவன்ஸ் உலகக் கோப்பையை ஜெயித்திருக்கிறார்கள். வைசாலே செரேவி என்கிற பழைய ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னால் நம் ஊரில் எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்ன மாதிரி முகம் மலர்கிறது.

2016ல் ரியோ ஒலிம்பிக்ஸில்தான் செவன்ஸை முதல் முதலாகச் சேர்த்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் வின்ஸ்டன் என்கிற பெரும்புயல் ஃபிஜியை அடித்து நொறுக்கி 44 பேர் உயிரிழந்திருந்தார்கள். வீடு போய், பயிர் போய், ஜனங்கள் கூடாரத்தில் இருந்த சமயம். ஆகஸ்டில் அந்த அணி இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று தோற்கடித்தது. ஃபிஜி நாட்டுக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, அதுவும் தங்கம்! பதக்கம் கொடுக்க வந்தவர் பிரிட்டிஷ் இளவரசி ஆன். மலை மலையாக நின்ற ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் முன்னால் மண்டியிட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

மறு வருஷம் அரசாங்கம் அதற்கென்றே ஏழு டாலர் நோட்டு அடித்தது. மாப்பிள்ளை ஒன்றைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் கேப்டன் ஓசேயா கொலினிசாவ் பந்தோடு ஓடுகிறார். மறு பக்கம் அணியும், பயிற்சி கொடுத்த பென் ரயன் என்கிற இங்கிலீஷ்காரரும். நான் அதை ஆச்சரியமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூம்பூவும் எட்டிப் பார்த்தார்.

"இதில் பையன்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதன் காரணம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மணல் மேட்டில் ஒரு சனிக்கிழமை

பூம்பூவின் கடைசிப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயது. ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாயார். சாயங்காலம் ஆனால் குழந்தையைப் பாட்டி இடுப்பில் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் உள்ளூர்ப் பெண்கள் கிளப் ஒன்றில் ரக்பி ஆடுகிறாள்!

தங்கைக்கு ஒரு மாதம் ஆகி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு சனிக்கிழமை பூம்பூ வந்தார். "பெண்கள் எல்லாரும் சிங்கடோக்கா மணல் மேட்டுக்கு ஓடப் போறாங்க. பிள்ளையைப் பார்த்துக்க நானும் போறேன். நீயும் வா" என்றார். மாப்பிள்ளைக்கு விடுமுறை நாள். "போய்ட்டு வாங்கக்கா, நாலு சுவரையே பார்த்துண்டிருக்கீங்க" என்று அவரும் அனுப்பினார்.

பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிட தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருக்கிறது. கரும்பு வெட்டும் காலம். வழியெல்லாம் கரும்பு லாரி, கருகின சோகையின் வாசனை, சின்ன ரயில் தண்டவாளம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதும் ஒரு பக்கம் கடல். கடலை ஒட்டி மலை மாதிரி மணல். நம் தேரிக்காடு ஞாபகம் வந்தது. ஆனால் இது சாம்பல் நிறம். சில இடங்களில் அறுபது மீட்டர் உயரம். 1989லேயே தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். காற்று மணலை விலக்கும்போது 2,600 வருஷத்துக்கு முந்தைய மண்பாண்டத் துண்டுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றனவாம்.

தேசிய அணி ஆட்கள் பயிற்சிக்கு ஓடிப் பழகுவது இந்த மணலில்தான். கால் வைத்தால் முழங்கால் வரை புதைகிறது. நான் பத்து அடி ஏறினேன். மூச்சு வாங்கி, புடவை முழுக்க மணலோடு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்கள் அதில் உச்சி வரை ஓடினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஓடினார்கள். ஒருத்தி பாதியில் வாந்தி எடுத்தாள். மற்ற இரண்டு பேர் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மேலே கூட்டிப் போனார்கள். "விட்டுட்டு வாங்களேன்டி" என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உச்சியில் போய் அவள்தான் முதலில் சிரித்தாள்.

கீழே மர நிழலில் பேரனுக்கு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை ஊட்டிக்கொண்டே பூம்பூ சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.

"இவளுக்குப் பதினஞ்சு வயசு இருக்கும். நெட்பால் ஆடப் போறேன்னு சொல்லிட்டுப் போவா. நெட்பால்னா எங்க ஊரில் பெண் பிள்ளைகள் ஆடறதுதான், நானும் சரின்னு இருந்தேன். ஒரு நாள் பார்த்தா பையன்களோட ரக்பி ஆடிண்டிருக்கா! வீட்டுக்கு இழுத்துண்டு வந்து விளக்குமாத்தாலே அடிச்சேன். அவ அப்பா ஒரு வாரம் பேசலே. பெண் பிள்ளை உடம்பு இதுக்கா இருக்கு, நாளைக்கு எவன் கட்டிப்பான், சர்ச்சில் என்ன பேசுவாங்க... இதேதான்."

விளக்குமாறு என்றால் நம் தென்னங்குச்சி விளக்குமாறேதான். அங்கேயும் அதேதான் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நான் சிரித்தேன். ஆனால் மனசுக்குள்ளே சுருக்கென்றது. அதை அப்புறம் சொல்கிறேன்.

"அப்புறம் எப்படி விட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"விடலே. ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் ஆடினா. 2021 வரைக்கும்."

இரண்டு பதக்கம்

2020ல் நடந்திருக்க வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கொரோனாவால் 2021ல் நடந்தது. அப்போது ஃபிஜியில் கொரோனா உச்சத்தில் இருந்தது. ஆண்கள் அணியினர் மாதக் கணக்கில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்காமல் தனியாக இருந்து பயிற்சி செய்துவிட்டுப் போனார்கள். ஜூலை 28ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் நியூஸிலாந்தை 27-12 என்று ஜெயித்து மறுபடியும் தங்கம். கேப்டன் ஜெரி துவாய் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். 2016லும் ஆடி, 2021லும் ஆடி, இரண்டு தங்கம் வாங்கியவர்.

ஊரெல்லாம் அந்தக் கொண்டாட்டத்தில் இருந்தபோதுதான் பெண்கள் அணியின் ஆட்டங்கள் தொடங்கின. 'ஃபிஜியானா' என்று அந்த அணிக்குப் பெயர். ரியோவில் காலிறுதியோடு திரும்பி வந்தவர்கள். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அவர்களோ காலிறுதியில், ரியோவில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவையே 14-12 என்று தோற்கடித்துவிட்டார்கள்! அரையிறுதியில் நியூஸிலாந்தோடு நேரம் முடிந்தும் சரிசமமாக நின்று, கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள். ஜூலை 31ஆம் தேதி பிரிட்டனை 21-12 என்று ஜெயித்து வெண்கலம். ஃபிஜிப் பெண்களுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். கேப்டன் ருசிலா நங்கசாவ்.

"அன்னிக்கு ராத்திரி ஊரடங்கு. வெளியே போக முடியாது. வாசல்லே நின்னு பானை, தாம்பாளம் எல்லாத்தையும் தட்டினோம்" என்றார் பூம்பூ. "டி.வி.யிலே அந்தப் பெண்கள் அழுதாங்க. ஒருத்தி முழங்காலைப் பார்த்தேன், ஒரே சிராய்ப்பு. என் பெண் முழங்காலும் அப்படித்தானே இருக்கும், நான் எண்ணெய் தடவாம அடிச்சிருக்கேனேன்னு தோணிடுச்சு. உள்ளே போய் அவளோட பூட்ஸை எங்கே ஒளிச்சு வைச்சிருக்கான்னு தேடினேன். அரிசி டின்னுக்குப் பின்னாலே இருந்தது. எடுத்துத் துடைச்சு வாசல்லே வைச்சேன். அவ்வளவுதான். நாங்க அதைப் பத்திப் பேசலே."

மறு வருஷம், 2022ல், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வெள்ளிப் பதக்கம் வாங்கின. 2023 டிசம்பரில் ஆரம்பித்த பருவத்திலிருந்து உலகச் சுற்றுப் போட்டிகளில் இரண்டு அணியும் எல்லா ஊரிலும் ஒரே மைதானத்தில், ஒரே நாட்களில் ஆடத் தொடங்கின. டி.வி.யில் ஆண்கள் ஆட்டம் முடிந்தால் பெண்கள் ஆட்டம். அது முடிந்தால் ஆண்கள் ஆட்டம். யாரும் எழுந்து போக வேண்டியதில்லை.

நான் கிழித்த காகிதம்

சுருக்கென்றது என்று சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டும்.

என் பெண் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கபடி நன்றாக ஆடுவாள் என்று சொல்வார்கள். நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. முந்தின வருஷம் வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போகப் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டு ஒரு காகிதம் கொண்டு வந்தாள். அவள் பெரியவளாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "வயசுக்கு வந்த பெண் அரை டிராயரைப் போட்டுண்டு மண்ணிலே உருளறதா? வயிற்றிலே அடிபட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனால் யார் பதில் சொல்வது?" என்று காகிதத்தை அவள் எதிரிலேயே கிழித்துப் போட்டேன். அவள் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். அதற்கப்புறம் வீட்டில் கபடி என்கிற பேச்சே இல்லை. நானும் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

அந்த ஜூலையில் வீட்டுக்காரர் ஃபோனில் அதே மாதிரி ஒரு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். "மறுபடி கேட்கிறார்கள். உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். நான் பதில் போடாமலே இருந்தேன்.

தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது அங்கிருந்த லேடி டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "பெண் பிள்ளைகள் இப்படி ஓடி விழுந்தால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்பார்களே?" அவர் சிரித்துவிட்டார். கர்ப்பப்பை இடுப்பெலும்புக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது, விளையாடுவதால் அது இறங்கிவிடாது என்றார். இந்த வயதில் ஓடியாடினால்தான் எலும்பு உறுதிப்படும். மாதவிலக்கு நாளில்கூட, வலியும் சோர்வும் இல்லையென்றால் ஆடலாம். ரத்தசோகை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீரை, பருப்பு, வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள், அடிபட்டால் சரியாக ஆறும்வரை ஓய்வு கொடுங்கள் என்றார். பிரசவமான பெண்கள்தான் அவசரப்படக் கூடாதாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நடையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டுமாம். இதை நம் இளம் தாய்மார்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

விடியற்காலை ஆறு மணி

ஜூலை கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 2016ல் கேப்டனாக இருந்த ஓசேயா கொலினிசாவ்தான் இப்போது ஆண்கள் அணியின் பயிற்சியாளர். ஓய்வு பெற்றிருந்த துவாயும் அணிக்குத் திரும்பியிருந்தார். காலிறுதியில் அயர்லாந்து, அரையிறுதியில் ஆஸ்திரேலியா இரண்டையும் ஜெயித்தாகிவிட்டது. பாரிஸில் சனிக்கிழமை மாலை இறுதி ஆட்டம். ஃபிஜியில் அது 28ஆம் தேதி ஞாயிறு விடியற்காலை.

பூம்பூ வீட்டுக் கூடத்தில் முப்பது பேருக்குக் குறையாது. தெருவிலிருந்த இந்தியக் குடும்பங்களும் வந்துவிட்டன. பொதுவாக அங்கே ரக்பி பூர்வீகக் குடியினர் ஆட்டம், நம்மவர்களுக்குக் கால்பந்துதான். அன்று அந்தப் பேதம் எதுவும் இல்லை. நான் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். தங்கை எல்லோருக்கும் டீ போட்டாள்.

முதலில் ஃபிஜிதான் பந்தைக் கோட்டைத் தாண்டி வைத்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம்! குழந்தை வீறிட்டது. பாதி நேரத்தில் 7-7. அப்புறம் பிரான்ஸ் அணியில் ஆந்துவான் துப்பான் என்பவரை இறக்கினார்கள். அவர் வந்த வேகத்தில் ஆட்டம் திசை மாறிவிட்டது. முடிவில் 28-7. ஒலிம்பிக்ஸில் 2016 முதல் பதினேழு ஆட்டம் தோற்காமல் வந்த அணி அன்றுதான் முதல் தடவையாகத் தோற்றது.

கூடத்தில் யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் எழுந்து பிரார்த்தனை சொன்னார். எல்லோரும் சேர்ந்து மெதுவாகப் பாடினார்கள். அப்புறம் சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று கலைந்து போனார்கள். டி.வி.யை அணைக்கப் போனவரிடம் பூம்பூ, "இன்னும் முடியலே. பெண்கள் ஆட்டம் இன்னிக்கு ராத்திரி ஆரம்பம்" என்றார்.

அன்று ராத்திரி கண் விழித்துப் போனேன். கூடத்தில் பூம்பூ, அவர் பெண், இரண்டு தோழிகள், நான். ஐந்தே பேர். காலையில் முப்பது பேர் உட்கார்ந்த அதே பாய். ஃபிஜியானா தோற்றது. அடுத்ததிலும் தோற்றது. ஆடிக் கிருத்திகைக்குக் கோவிலுக்குப் போனபோது அவர்களுக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை சொன்னேன். ஸ்வாமி வேறு ஏதோ நினைத்துவிட்டார் போலிருக்கிறது. காலிறுதிக்கே வராமல் திரும்பினார்கள். கடைக்காரர் ஒருவர், "இந்தப் பொம்பளைகளுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று என் காதுபடவே சொன்னார். ஆண்கள் தோற்றதற்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. பிரார்த்தனைதான் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் பூம்பூவின் பெண் வழக்கம்போல் பிள்ளையைப் பாட்டி இடுப்பில் கொடுத்துவிட்டு பூட்ஸை எடுத்தாள். "இன்னிக்குமா போறே?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை ஆச்சே. பயிற்சி இருக்கே" என்றாள்.

அவ்வளவுதான். அதில் வீராப்பு ஒன்றும் இல்லை. இன்று சமையல் உண்டா என்று கேட்டால் நாம் பார்ப்போமே, அந்தப் பார்வைதான்.

வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தேன். நம் ஊரில் மத்தியானம். "அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்றேன் வீட்டுக்காரரிடம். "நீதானே வேண்டாம் என்றாய்?" என்றார். "நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது நான்தான் சொல்கிறேன்" என்றேன். பின்னாலிருந்து என் மாமியார் குரல்: "அப்பவே போட்டிருக்கலாம். நான் சொன்னா யார் கேட்கிறா!" அவருக்கு அதில் ஆட்சேபணையே இல்லையாம். நான் ஒரு நாளும் அவரைக் கேட்டதே இல்லை!

ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்பினேன். கிளம்பும்போது பூம்பூ தாழைப் பாய் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "உன் பெண்ணுக்கு" என்றார்.

என் பெண் போட்டிக்குப் போனாள். நானும் போய்ப் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்கள். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. ராத்திரி அந்தப் பாயில் உட்கார வைத்து, சுத்தமாகக் கழுவி மருந்து போட்டேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டே, "அம்மா, அடுத்தது ஜனவரியிலே இருக்கு. அதுக்கும் கையெழுத்து வேணும்" என்றாள்.

பேனாவைக் கொண்டு வரச் சொன்னேன்.